ஜெனீவாவில் கயானாக்காரரின் அரைமணி நேரம்

1988 பெப்ரவரி 20, சனிக்கிழமை. நான் ஃப்ரிபூர்க் ரயில் நிலையத்தை அடைந்தபோது காலை எட்டு மணியாகவில்லை. சிவநேசன் அண்ணை எனக்கு முன்னரே வந்து மேடையில் நின்றார். கறுப்பு மேலங்கி, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, கைகளில் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை. யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்தவர். இங்கே ஓர் உணவகத்தின் நிலவறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறார். எங்கள் நகரத்துத் தமிழர் சங்கத்துக்கு அவரே தலைவர். ஆகவே வெளியூர்ப் பயணம் எதுவானாலும் கழுத்துப்பட்டி இல்லாமல் புறப்படமாட்டார்.

அந்தக் கையுறை எனக்கும் இருந்தது. நத்தார் பண்டிகைக்கு முன்னர் ஒரு தேவாலயத்துப் பெண்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டது. ஒரே நிறம், மணிக்கட்டில் ஒற்றைச் சிவப்புக் கோடு.

"தூரத்திலை வரேக்கையே கையைப் பார்த்தாக் காணும், எங்கட ஆள் எண்டு தெரிஞ்சிடும்," என்றார் அண்ணை. "உது என்ன தம்பி, யூனிபோமோ?"

நாங்கள் போனது ஜெனீவாவில் நடக்கும் ஒரு தொலைக்காட்சிப் பதிவுக்கு. அந்நகரின் குடியிருப்புப் பகுதி ஒன்றில், அயலவர்கள் சிலர் சம்பளமின்றி நடத்தும் சிறிய தொலைக்காட்சி இருக்கிறது. கேபிள் இழுத்த வீடுகளுக்கு மட்டும் அது தெரியும். மாதம் ஒரு முறை, அங்கே வாழும் வெளிநாட்டுச் சமூகம் ஒன்றுக்கு அரைமணி நேரத்தைக் கொடுக்கிறார்கள். போர்த்துக்கேயர் செய்துவிட்டார்கள், சிலி நாட்டவர் செய்துவிட்டார்கள். இம்மாதம் கயானாக்காரரின் முறை. பெப்ரவரி 23 அவர்களுடைய குடியரசு நாள். அன்று மாலை ஒளிபரப்பாக வேண்டியதைத்தான் இன்று பதிவு செய்கிறார்கள்.

கயானாவைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கும் சென்ற ஆண்டுவரை தெரியாது. தென்னமெரிக்காவின் வடகரையில் ஆங்கிலம் பேசும் நாடு அது. கரும்புத் தோட்டங்களுக்கு முதலில் ஆபிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். அந்த இந்தியரில் பெரும்பாலோர் வடக்கத்தியர். சென்னையிலிருந்து கப்பலேறிய சிலரின் வழிவந்தவர்களை அங்கே இன்றும் மதராசிகள் என்றே அழைக்கிறார்கள். அவர்களிடம் தமிழ் பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை.

டெரிக் முனுசாமி அத்தகைய ஒருவர். ஜெனீவாவில் ஒரு சர்வதேச அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை செய்கிறார். சென்ற இலையுதிர் காலத்தில், ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னாலுள்ள நாடுகள் சதுக்கத்தில் எங்கள் ஊர்வலம் நடந்தபோது, மதிய இடைவேளையில் கையில் பாணுடன் வந்து, "நீங்கள் மதராஸ் ஆட்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாழ்ப்பாணம் வேறு, மதராஸ் வேறு என்று அரைமணி நேரம் விளக்கினேன். முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி, மதராஸ் பிரதர், தொலைபேசி எண் கொடுங்கள்," என்றார்.

ஜனவரியில் அவர் கூப்பிட்டார். கயானாக்காரரின் நிகழ்ச்சியில் தன் மேளத்துக்கு மூன்று நிமிடம் கிடைத்திருக்கிறது என்றார். அதற்காக அவர் தம் நாட்டவரோடு இரண்டு மாதம் வாதாடியிருக்கிறார். எஃகுப் பீப்பாய் வாத்தியம் இருக்கிறது, முகமூடி ஆட்டம் இருக்கிறது, மதராசி மேளம் எதற்கு, அது கோயில் விஷயம் அல்லவா என்பது மற்றவர்களின் கேள்வி. "உங்களில் பெரியவர் ஒருவரை அழைத்து வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மேளம் எங்கள் பக்கத்திலிருந்து போனது என்று உங்கள் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பிறகு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்."

என்ன மேளம் என்று நான் கேட்கவில்லை. அண்ணையும் கேட்கவில்லை.

ஃப்ரிபூர்க்கிலிருந்து ஜெனீவாவுக்கு லோசான் வழியாக ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர். விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரைவிலை அட்டை வைத்திருப்போருக்குப் போய்வர முப்பது பிராங். முதன்முறை போகிறவர்கள் இடப்பக்கத்து யன்னலில் உட்காருவது நல்லது. லோசானுக்குச் சற்று முன்னர் ஒரு குகைவழி வருகிறது. அது முடிந்ததும் கீழே ஏரி முழுவதும் ஒரே தடவையில் தெரியும். அன்று ஏரி ஈய நிறத்தில் இருந்தது. மேலே திராட்சைத் தோட்டங்களில் இலையே இல்லை, வெறும் கட்டைகள்.

அண்ணை ஏரியைப் பார்க்கவில்லை. சொல்லவேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"'தொன்மை வாய்ந்த' எண்டு போடுவமோ, தம்பி?"

"போடலாம் அண்ணை. ஆனால் அங்கை ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது."

"விளங்காட்டில் என்ன? பிழையாச் சொல்லேலுமோ?" பிறகு, "தவிலாத்தான் இருக்கும். கோயில் எண்டால் தவில்தானே," என்றார்.

பத்து மணிக்குச் சற்று முன்னர் ஜெனீவாவில் இறங்கினோம். வடகிழக்கிலிருந்து ஏரிமீது வரும் 'பீஸ்' என்னும் குளிர்காற்று நிலைய வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டது. பேருந்தில் நகர நடுவுக்குப் போய், அங்கிருந்து பன்னிரண்டாம் இலக்க ட்ராமில் ஏறினோம். பிற தடங்களை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். நகரில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். இது பிரெஞ்சு எல்லைவரை போகிறது. எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணை அடையாளப் பத்திரம் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லைக்கு வெகுமுன்னரே இறங்கிவிட்டோம்.

நிகழ்ச்சிக் கூடம் ஒரு எட்டு மாடிக் குடியிருப்பின் நிலவறையில் இருந்தது. அணுகுண்டு விழுந்தால் ஒளிவதற்காக இந்நாட்டில் கட்டிடந்தோறும் அமைக்கும் காப்பறை. கதவு ஒன்றரைச் சாண் தடிப்புள்ள கொங்கிரீட். அண்ணை வாசலிலேயே நின்று அதைத் தட்டிப் பார்த்தார்.

"சண்டையே இல்லாத நாட்டிலை எவ்வளவு நல்ல பங்கர்," என்றார்.

உள்ளே இருபது பேரளவில் இருந்தார்கள். ஒரு மூலையில் எஃகுப் பீப்பாய்கள். இன்னொரு மூலையில் பட்டுத் துண்டுகள் தொங்கும் முகமூடி ஆட்ட உடைகள். மேசையில் ரம்மில் ஊறிய கரிய கேக்கும், பருப்பு வைத்துச் சுட்ட ரொட்டியும். எங்களை வரவேற்றவர் டெரிக்கின் மனைவி இவோன். ஆபிரிக்க வழிவந்தவர், மருத்துவமனைத் தாதி, அன்றைய அறிவிப்பாளரும் அவரே. அவர் அண்ணையின் கையைப் பற்றி, "வாருங்கள் அங்கிள், முதலில் சாப்பிடுங்கள்," என்றார். பின்னர் கணவரைப் பார்த்து, "மூன்று நிமிடம், டெரிக். அதற்குமேல் ஒரு அடி விழுந்தாலும் நான் உள்ளே வந்து பேச ஆரம்பித்துவிடுவேன்," என்றார்.

"நீ பேசாத நேரம் எப்போது?" என்றார் டெரிக்.

படக்கருவிக்குப் பொறுப்பானவர் மிரெய் என்னும் பிரெஞ்சு மொழி ஆசிரியை, நாற்பது வயதிருக்கும். முதலிலேயே இரண்டு விதிகளைச் சொன்னார். அவர்களிடம் ஒளிநாடாவை வெட்டி ஒட்டும் இயந்திரம் இல்லை. ஒரு பகுதியை வைத்துக்கொள்ளலாம் அல்லது முழுவதையும் அழிக்கலாம். இரண்டாவது, ஒருவர் சம்மதிக்காமல் அவரை ஒளிபரப்ப மாட்டார்கள். நான் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் தமிழாக்கி அண்ணைக்குச் சொன்னேன்.

பிறகு டெரிக் ஒரு பெரிய பயணப்பையைத் திறந்து, இரண்டு துவாய்களுக்கு நடுவிலிருந்து மேளத்தை எடுத்தார். வட்டமான மரச் சட்டம், ஒரு பக்கம் ஆட்டுத் தோல், இரண்டு குச்சிகள். அவருடைய தமக்கை பெர்பீஸ் என்ற பகுதியிலிருந்து விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. வீட்டில் அயலாரின் முறைப்பாட்டுக்கு அஞ்சித் துணி போர்த்தித்தான் அடித்துப் பழகுகிறார். அவர்கள் இதைத் தப்பு என்கிறார்கள்.

அண்ணை ஓரடி பின்னால் வந்தார். சாப்பிடுவதற்காகக் கழற்றிய கையுறைகளைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"தம்பி, உது பறையெல்லே."

"ஓம் அண்ணை. அப்பிடித்தான் கிடக்கு."

"செத்தவீட்டு மேளம். உதுக்குப் பக்கத்திலை என்னை இருத்தி, சங்கத் தலைவர் எண்டு பேரும் போட்டுக் காட்டப் போறாங்களோ? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?"

"இவை இதை மாரியம்மனுக்கு அடிக்கினம் அண்ணை."

"ஆருக்கு அடிச்சால் என்ன? அடிக்கிற கை ஆற்றை கை எண்டு எங்கட சனத்துக்குச் சொல்லித் தெரியவேணுமோ? நான் இருக்கமாட்டன். அந்தாளுக்கு ஏதும் சாட்டுச் சொல்லிவிடு."

டெரிக் எங்கள் இருவரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்கிள் என்ன சொல்கிறார்?"

மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடச் சங்கடமான கணம் இருக்க முடியாது. அங்கிளுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டால் அந்தப் பகல் இலகுவாகக் கழிந்துவிடும். ஆனால் டெரிக், தம் மேளத்தை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்பதை அறியாமலே எங்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டிருப்பார். உள்ளதைச் சொன்னால் அவரை அவருடைய விழா நாளில் புண்படுத்துவேன். அண்ணையின் அச்சத்தையும் அற்பமென்று தள்ள முடியவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேடுவதிலிருந்து, இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவதுவரை எங்கள் நகரில் எல்லாம் அவருடைய பெயரில்தான் நடக்கிறது. அந்தப் பெயர் பேச்சுக்கு இடமானால் சங்கம் இரண்டாகும். சாதியை ஊரில் விட்டுவிட்டு வந்தோம் என்று கூட்டங்களில் பேசுகிறோம். ஒரு கலியாணப் பேச்சு எழும்போது அது யாருடைய பெட்டியில் வந்து சேர்ந்தது என்று தெரிந்துவிடுகிறது.

டெரிக் எங்களிடம் கேட்டிருந்தது உண்மையான ஒரு வாக்கியத்தை. ஆகவே உள்ளதையே சொன்னேன்: எங்கள் ஊரில் இது சாவீட்டு மேளம், இதை அடித்தவர்களை ஊர் ஒதுக்கிவைத்தது, பக்கத்தில் உட்கார்ந்தால் தம்மையும் பேசுவார்கள் என்று இவர் அஞ்சுகிறார்.

டெரிக் மேளத்தின் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "என் அப்பா சொல்வார்: இந்த மேளம் கேட்டால் எங்கள் தெருவுக்குள் மற்ற இந்துக்களின் ஐயர் வரமாட்டார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்று. கடல் தாண்டினால் மாறியிருக்கும் என்று நாங்கள் நினைத்ததில்லை, பிரதர். உங்கள் பக்கத்தில் மாறியிருக்கும் என்று மட்டும் நினைத்திருந்தேன்." பிறகு மேளத்தைத் தூக்கிக்கொண்டார். "அங்கிள் உட்கார வேண்டாம், வாக்கியமும் வேண்டாம். ஆனால் தோல் இறுக மேளத்தைக் காய்ச்ச வேண்டும். காற்றில் தனியாளாகச் செய்ய முடியாது. வெளியே வாருங்கள்."

காப்பறைக்குள் தீ மூட்டக் கூடாது. பின்முற்றத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தகர வாளி. கட்டிடக் காவலாளி, ஸ்பெயின் நாட்டவர், விளக்குமாற்றோடு நின்று விதிகளைச் சொன்னார்: தீ வாளிக்கு வெளியே வரக் கூடாது, பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை கட்டிடத்தில் எந்தச் சத்தமும் கூடாது. அப்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

நான் பழைய செய்தித்தாள்களைக் கிழித்து வாளிக்குள் போட்டேன். காற்றில் சுவாலை கிடையாகச் சாய்ந்து ஓடியது. டெரிக் ஒரு கையால் அட்டைப்பெட்டி ஒன்றை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேளத்தைத் தீக்குக் காட்டினார். அண்ணை எட்டத்தில், சுவரோரமாக நின்றார். குளிர் தாங்காமல் சிறிது சிறிதாக வாளியை நெருங்கிவந்தார்.

"எட்டப் பிடியும்," என்றார் திடீரென்று. "தம்பி, எட்டப் பிடிக்கச் சொல்லு. தோல் கருகப்போகுது."

நான் சொல்வதற்குள் காற்று திரும்பியது. டெரிக்கின் அட்டைப்பெட்டி பறந்தது. அவர் அதைப் பிடிக்கத் திரும்பினார். மேளம் நேராகச் சுவாலைக்கு மேல் சரிந்தது. அண்ணை இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து இழுத்தார்.

இழுத்தவர் கீழே வைக்கவில்லை. சட்டத்தின் விளிம்பைப் பிடித்து மெல்ல மெல்லச் சுழற்றினார். நடுவைத் தீயில் நிறுத்தாமல் ஓரங்களுக்குச் சூடு காட்டினார். இடையிடையே விரலை மடக்கித் தட்டிக் காதை அருகில் வைத்துக் கேட்டார்.

"இன்னும் காயேல்லை."

"அண்ணை, உங்களுக்கு எப்பிடி…" என்றேன்.

"எத்தினை செத்தவீட்டிலை வேலிக்கு இஞ்சாலை நிண்டு பார்த்திருப்பன். கண்ணிருக்குத்தானே." சிறிது நேரம் கழித்து மீண்டும் தட்டினார். இம்முறை தகரத்தில் அறைந்தாற்போல ஒலி எழுந்தது. "இப்ப குடு."

டெரிக் வாங்கித் தோளில் கொழுவிக்கொண்டு அந்த இடத்திலேயே அடிக்கத் தொடங்கினார். உள்ளே கொண்டுபோவதற்குள் குளிரில் தோல் தளர்ந்துவிடும். எட்டு மாடிகளிலும் யன்னல்கள் திறந்தன. முகமூடி ஆட்டக்காரர் ஒருவர் பாதி உடையோடு வெளியே ஓடிவந்து காலை வீசி ஆடினார். அது சாவீட்டு அடி அன்று என்பது எனக்கே தெரிந்தது. வேகமானது, இடைக்கிடை சட்டென்று நின்று திரும்பத் தொடங்குவது. மதராசி மேளம் எதற்கு என்று கேட்டவர்களில் சிலரும் முற்றத்துக்கு வந்து நின்றார்கள்.

மூன்று நிமிடம் முடிந்ததும் மிரெய் தோளிலிருந்து கருவியை இறக்கினார். அப்போதுதான் அவர் தொடக்கத்திலிருந்தே எங்களுக்குப் பின்னால் நின்று படம்பிடித்ததை உணர்ந்தோம். படம்பிடிப்பதென்பது உள்ளே விளக்குகளுக்குக் கீழே நடப்பது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். வெளிச்சம் பார்க்கிறார் என்றுதான் எண்ணினேன்.

"மேளத்தைக் காய்ச்சுவதும் சேர்ந்துதான் நன்றாக இருக்கிறது," என்றார் மிரெய். "ஆனால் அந்தப் பெரியவரும் இருக்கிறார். அவர் சம்மதிக்க வேண்டும். மேளம் சூடாவது முதல் முடிவுவரை ஒரே ஓட்டம். சம்மதிக்காவிட்டால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். பன்னிரண்டாகப் போகிறது, திரும்ப எடுக்க முடியாது. இரண்டு மணிக்கு நான் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்."

டெரிக் குச்சிகளை ஒன்றுசேர்த்தார். மேளத்தைத் துவாயில் சுற்றத் தொடங்கினார். இவோன்தான் என்னிடம் வந்து, தணிந்த குரலில், "அங்கிளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். என் கணவர் காத்திருக்கப் பழகியவர்," என்றார்.

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பறைக்குள் போய்ச் சிறிய திரையின் முன் குந்தினார். மிரெய் ஒளிநாடாவைப் பின்னோட்டிப் போட்டார். வாளி, சுவாலை, பிறகு திரை நிறைய மேளம். அதைச் சுழற்றும் இரண்டு கைகள். சாம்பல் நிறக் கையுறை, மணிக்கட்டில் சிவப்புக் கோடு. கைகள் மேளத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கின. டெரிக்கின் முகம் வந்தது.

"இன்னொருக்காப் போடச் சொல்லு."

இன்னொரு முறை போட்டார்கள்.

"முகம் ஒரு இடத்திலையும் வரேல்லை, என்ன?"

"இல்லை அண்ணை."

"குரல்?"

"காத்துச் சத்தம்தான் கேக்குது."

தம் கையுறைகளைப் புரட்டிப் பார்த்தார். "உந்தக் கையுறை எங்கட ஆக்களிலை ஆரிட்டை இல்லை?"

"எல்லாரிட்டையும் இருக்கு."

"உன்னட்டையும் இருக்கு."

"ஓம்."

எழுந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "அப்ப போடட்டும். பேர் மட்டும் வேண்டாம் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். டெரிக் வந்து அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்; அண்ணை கையுறையைக் கழற்றவில்லை, கையை இழுக்கவும் இல்லை. இவோன் எங்களுக்குக் கேக்கைத் தாளில் சுற்றித் தந்தார்.

மூன்று மணி ரயிலில் திரும்பினோம். லோசானைத் தாண்டும்வரை அண்ணை ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "உந்தப் படம் எங்கட பக்கம் வராதுதானே?" என்றார்.

"கேபிள் அந்தப் பகுதியோடை சரி. ஆனால் டெரிக் ஒரு கொப்பி அனுப்புவன் எண்டவர்."

"அனுப்பினால் ஒளிக்காதை. சங்கத்துக்கு வந்த சாமான் சங்கத்துக்குத்தான்."

ஒளிநாடா மார்ச் கடைசியில் தபாலில் வந்தது. சித்திரை வருடப்பிறப்புக் கூட்டத்தில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் போட்டோம். எஃகுப் பீப்பாய் இசைக்குக் கை தட்டினார்கள். முகமூடி ஆட்டத்துக்குச் சிரித்தார்கள். மேளம் வந்ததும் சிலர் நெளிந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "உது எங்கட கையுறையெல்லே? ஆற்றை கை உது?" என்றார்.

ஒருவர் மற்றவரைப் பார்த்தார்கள். உன்னுடையது, இல்லை அவனுடையது, அன்று யார் ஜெனீவாவுக்குப் போனது என்று பேச்சு எழுந்தது. என் பெயரும் அண்ணையின் பெயரும், சம்பந்தமில்லாத வேறு நாலைந்து பேரின் பெயர்களும் அடிபட்டன. முன்வரிசையில் இருந்த சிவநேசன் அண்ணை திரும்பாமலே, "எங்கட ஆக்களிலை ஒராள்தான். படத்தைப் பாருங்கோ," என்றார்.

ஊரில் இந்தக் கேள்வியை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பறையைப் பிடித்த கை யாருடையது என்பதை ஊர் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்தது. இங்கே, யாரோ பின்னி யாரோ கொடுத்த ஒரே மாதிரிக் கையுறைக்குள் அது தெரியவில்லை. இன்னும் சில வாரங்களில் குளிர் குறையும், எல்லோரும் கையுறையைக் கழற்றிவிடுவோம் என்பதையும் நான் யோசித்தேன். அன்று வெளியே இன்னும் பனி இருந்தது. கூட்டம் முடிந்து நாங்கள் அவற்றை மாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.